ஐவரில் ஒருவர்

பள்ளி ஆய்வகத்தில் நடைபெறும் சோதனைகளுக்கு விடை முன்பே உண்டு. அமிலத்தில் தோய்ந்த நீல லிட்மஸ் தாள் சிவக்கும். சிவக்கவில்லையெனில் குறை சோதனை செய்தவரிடம் என்று கொள்கிறோம். ஆனால், உயிரியலும் வேதியியலும் மக்கள் வாழ்வைத் தொடும் இடத்தில் இத்தகைய விடைகள் எளிதிற் கிட்டுவதில்லை. பூச்சிக்கொல்லி வேண்டுமா, வேண்டாவா? மரபணு மாற்றிய பயிரை வயலில் அனுமதிக்கலாமா? பாடத்தின் பொருட்டு ஓர் உயிரை அறுக்கலாமா? இவ்வினாக்களை நான்கைந்து மாணவர் கொண்ட குழுவிடம் ஒப்படைத்து, ஆராய்ந்து அறிக்கை தருமாறு பணிப்பது இன்று கல்வியின் ஒரு கூறாகிவிட்டது. 1993-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு இம்முறைக்கு நாடெங்கும் இடமளித்தது. நல்ல முறைதான். ஆயினும், வினாவோடு அறத்தின்பாற்பட்ட ஒரு சிக்கலையும் சேர்த்தே மாணவரிடம் ஒப்படைக்கிறோம். குழுவின் முடிவு ஒன்றாகவும் தன் மனச்சான்று வேறாகவும் இருக்கும்போது, ஒரு மாணவன் என் செய்வது?

முதலில் வினாக்களின் இயல்பை நோக்குவோம். டி.டி.டி. பூச்சிகளைக் கொல்லும் என்பதைப் பால் முல்லர் 1939-இல் கண்டறிந்தார். 1948-இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். மலேரியாவையும் டைபஸ் காய்ச்சலையும் அடக்கிய பெருமை அம்மருந்துக்கு உண்டு. 1962-இல் ரேச்சல் கார்சன் எழுதிய நூல் அதன் மறுபக்கத்தைக் காட்டியது. எளிதிற் சிதையாத அப்பொருள் கொழுப்பில் தங்கி, சிற்றுயிரிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து பறவைக்கும் செல்லுந்தோறும் செறிவு மிகுகின்றது. பருந்தினத்துப் பறவைகளின் முட்டையோடு மெலிந்து உடைகின்றது. 1972-இல் அமெரிக்கா அதன் பயன்பாட்டைப் பெரும்பாலும் தடை செய்தது. 2001-இல் உருவான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையோ அதனைக் கட்டுப்படுத்திய அதே வேளையில், நோய் பரப்பும் கொசுவை ஒழிக்க மட்டும் விலக்கு அளித்தது.

இங்கே இருவகை வினாக்கள் பின்னிக் கிடக்கின்றன. முட்டையோடு மெலிகின்றதா என்பது அளந்து அறிய வேண்டிய செய்தி. அதனைக் கைதூக்கி முடிவு செய்ய இயலாது. மலேரியாவால் வருந்தும் குழந்தையையும் அழிந்துவரும் பறவையையும் எவ்வாறு சீர்தூக்குவது என்பதோ மதிப்பீடு பற்றிய வினா. அதனை அளவுகோல் மட்டும் தீர்த்துவிடாது. முதலாவதை இரண்டாவது போலவும், இரண்டாவதை முதலாவது போலவும் கருதுவதே குழப்பத்தின் ஊற்றுக்கண்.

பி.டி. கத்தரியின் வரலாறும் இதனையே உணர்த்தும். மண்ணில் வாழும் பாக்டீரியம் ஒன்றின் மரபணுவைக் கத்தரியிற் புகுத்தி, தண்டையும் காயையும் துளைக்கும் புழுவைத் தடுக்க முயன்றனர். 2009 அக்டோபரில் வல்லுநர் குழு இசைவளித்தது. பின்னர் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டு, 2010 பிப்ரவரியில் அதனை நிறுத்திவைத்தார். 2013-இல் வங்கதேசம் அதே தொழில்நுட்பத்துக்கு இசைவளித்தது. புழுவும் ஒன்று, மரபணுவும் ஒன்று, முடிவுகள் மட்டும் இரண்டு. நாடுகளே வேறுபடும் ஒன்றில் ஐந்து மாணவர் வேறுபட்டால் அதில் வியப்பென்ன?

ஆனால், அறிக்கைகளில் அவ்வேறுபாடு தென்படுவதில்லை. ஒருவர் செய்தி திரட்டுகிறார், ஒருவர் எழுதுகிறார், ஒருவர் படம் வரைகிறார், நன்கு பேசுபவர் மேடையேறுகிறார். இறுதியில் “நாங்கள் கருதுகிறோம்” என்று ஒரு வரி வருகின்றது. அந்த ‘நாங்கள்’ யார்? நால்வர் ஒப்பினர், ஐந்தாமவர் ஒப்பவில்லை. மதிப்பெண்ணுக்கு அஞ்சியோ, நட்புக்கு இரங்கியோ வாய் மூடினார். ஒற்றுமை காக்கப்பட்டது, உண்மை குறைந்தது. இதனைச் சிறிய தவறு என்று ஒதுக்கல் ஆகாது. இன்று அறிக்கையில் மறைந்து நிற்கக் கற்றவர், நாளை ஒரு மருந்துக்கோ ஓர் ஆலைக்கோ ஒப்பம் இடும் குழுவிலும் அவ்வாறே மறைந்து நிற்பார் அல்லரோ?

மாறுபாட்டைப் பதிவு செய்தால் குழுமுயற்சியே சிதையும் என்பர் சிலர். நீதிமன்றங்கள் அவ்வாறு கருதவில்லை. 1976-இல், நெருக்கடிநிலைக் காலத்தில், காவலில் வைக்கப்பட்டோர் விடுதலை கோரி நீதிமன்றத்தை நாட முடியுமா என்ற வழக்கை உச்ச நீதிமன்றத்தின் ஐவர் ஆராய்ந்தனர். நால்வர் முடியாதென்றனர், எச்.ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். தீர்ப்பு நால்வருடையதே, எனினும், ஒருவர் கருத்தும் உடன் பதிவாயிற்று. 2017-இல் அதே நீதிமன்றம் பழைய தீர்ப்பைத் தவறென்று நீக்கியது. அவர் கருத்து ஏட்டில் இருந்தமையால் அன்றோ பின்வந்தோர் அதனை எடுத்துப் பார்க்க முடிந்தது? தனித்து நிற்பவர் எப்போதும் சரியானவர் என்பது நம் கருத்தன்று. அவர் பெரும்பாலும் பிழைபடவும் கூடும். பதிவு இருந்தால்தான் பிழை எவர்பக்கம் என்று பின்னர் அறியலாம்.

நம் இலக்கியத்திலும் இதற்கொரு நெறி உண்டு. மணிமேகலை வஞ்சி நகரில் பல சமயத்தார் கொள்கைகளையும் அவரவர் வாயிலாகக் கேட்கிறாள். அதன் பின்னரே காஞ்சியில் தான் ஏற்கும் அறத்தை மேற்கொள்கிறாள். கேட்டல் கூட்டத்தில் நிகழலாம். ஏற்றல் தனக்கே உரியது. மாணவர் தமக்கு உடன்பாடில்லாத பக்கத்தின் வாதத்தையும் முயன்று கற்பது இக்கேட்டலைச் சார்ந்தது, பொய்யாகாது. ஆனால், அறிக்கையின் முடிவில் தம் பெயரால் நிற்பது தம் கருத்தாகவே இருத்தல் வேண்டும்.

ஆதலின், ஆசிரியர்க்கு ஒரு கடமை உண்டு. அளந்தறியும் செய்திகளில் அவர் கண்டிப்பாக இருத்தல் வேண்டும். தவறான எண்ணை ‘அவரவர் கருத்து’ என்று விடலாகாது. மதிப்பீட்டு வினாக்களில் தம் விருப்பம் இன்னதென மாணவர் ஊகித்து எழுதாதவாறு காத்தல் வேண்டும். எந்தப் பக்கம் நின்றார் என்பதற்கன்றி, எதிர்ப்பக்கத்தின் வலிமையான வாதத்தை எவ்வளவு நேர்மையாக எடுத்துரைத்தார் என்பதற்கே மதிப்பெண் வழங்குதல் தகும். ஒவ்வோர் அறிக்கையின் இறுதியிலும் ‘இம்முடிவை ஏற்காதவர் கூறுவது’ என்று ஒரு பக்கம் ஒதுக்கப்படுமாயின், ஐந்தாமவர்க்கு ஓர் இடம் கிட்டும். சில அறிக்கைகளில் அப்பக்கம் வெறுமையாகவே இருக்கலாம். வெறுமையாக விடுமுன், ஐவரும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கி, மெய்யாகவே ஒப்பினோமா என்று கேட்டுக்கொள்வர் அல்லவா? அறிவியற் கல்வி அறக்கல்வியாக மலரும் இடம் அதுவே.