திரை யார் பக்கம்?

கேமரா வாங்கப் போகிறவர்கள் சிலர் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. கழுத்தில் ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிவதால் வந்த வினை. போன மாதம் நண்பரின் மகன், செகண்ட் ஹேண்டில் ஒரு டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். பார்த்திருப்பதாகச் சொல்லிவிட்டுக் கேட்டான்: "அங்கிள், இதுல லைவ் வியூன்னு ஒண்ணு இருக்காமே... அதனால என்ன பிரயோஜனம்?"

ரெண்டு நிமிஷத்தில் பதில் சொல்லி அனுப்பியிருக்கலாம். முடியவில்லை. அந்தக் கேள்விக்குள் என் பெரியம்மா உட்கார்ந்திருக்கிறாள்.

முதலில் கொஞ்சம் டெக்னிக்கல் சமாசாரம். எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கும். லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தை அது மேலே அனுப்பும். மேலே இருக்கும் பென்டாபிரிசம் அதைத் திருப்பி, நேராக்கி, நம் கண்ணுக்குக் கொடுக்கும். பட்டனை அமுக்கினால் கண்ணாடி சட்டென்று எழும்பி வழிவிடும். வெளிச்சம் சென்சாரில் விழும். கண்ணாடி மறுபடி கீழே வரும். நாம் கேட்கிற 'க்ளக்' சத்தத்தில் பாதி அதன் உபயம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. படம் பதிவாகிற அந்தக் கணத்தில் வியூஃபைண்டர் இருட்டாகிவிடும். அதாவது, நீங்கள் எடுத்த கணத்தை மட்டும் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்!

லைவ் வியூ என்பது, கண்ணாடியை மேலேயே நிறுத்தி வைத்து, சென்சார் பார்ப்பதை அப்படியே பின்பக்கத் திரையில் காட்டும் ஏற்பாடு. 2005-ல் கேனான், நட்சத்திரங்களைப் படமெடுப்பவர்களுக்கென்று கொண்டுவந்த 20டிஏ மாடலில், ஃபோகஸ் சரிபார்க்க மட்டும் இதைக் கொடுத்தது. 2006-ல் ஒலிம்பஸ் இ-330, முழு நேரமும் திரையிலேயே பார்க்கலாம் என்றது. 2007-ல் கேனான் 40டி, நிக்கான் டி300 எல்லாம் வந்த பிறகு இது சகஜமாகிவிட்டது.

பழைய கைகள் மூக்கைச் சுளித்தன. அதிலும் நியாயம் உண்டு. ஆரம்ப கால லைவ் வியூவில் ஃபோகஸ் ஆமை வேகம். வெயிலில் திரை தெரியாது. கையை நீட்டிப் பிடித்தால் ஆட்டம். பேட்டரி தண்ணீராகக் கரையும். ஆனால் ட்ரைபாடில் கேமராவை நிறுத்திவிட்டு ஒரு தும்பைப் பூவை எடுத்துப் பாருங்கள். திரையில் 10 மடங்கு பெரிதாக்கி, எந்த இதழில் ஃபோகஸ் நிற்கிறது என்று பார்க்கலாம். படம் வெளுக்குமா, இருட்டடிக்குமா என்று முன்கூட்டியே ஓரளவு தெரியும். திரை திரும்புகிற மாடலாக இருந்தால் சேற்றில் படுத்துப் புரளவும் வேண்டாம்.

இன்றைக்கு இந்தச் சண்டையே ஓய்ந்துவிட்டது. கண்ணாடியே இல்லாத கேமராக்கள் வந்துவிட்டன. பையில் இருக்கிற செல்போன் பிறந்ததிலிருந்து லைவ் வியூதான். ஓயாத கேள்வி ஒன்று பாக்கியிருக்கிறது. அதைத்தான் பெரியம்மா கிளப்பிவிட்டாள்.

2011. அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் பெரியம்மாவின் கிராமம். கையில் புதுசாக வாங்கிய கேனான் 60டி. அதன் திரை பக்கவாட்டில் கதவு மாதிரி திறந்து, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பும். காலையில் போனதும், "பெரியம்மா, ஒரு போட்டோ எடுக்கட்டுமா?" என்றேன்.

"இரு, வாரேன்" என்று உள்ளே போனவள் வர இருபது நிமிஷம் ஆனது. தலை வாரி, விபூதி பூசி, பெட்டியில் இருந்த சுங்குடிச் சேலையைக் கட்டி, டம்ளரில் கிடந்த பல்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் கேமராவைக் கண்ணில் வைத்ததுமே முகம் விறைத்துவிட்டது. அசல் ரேஷன் கார்டு முகம். "கொஞ்சம் சிரிங்க பெரியம்மா" என்றால் இன்னும் விறைப்பு. நாலு படம் எடுத்துவிட்டு விட்டுவிட்டேன்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்த பிள்ளையின் முகம் திடீரென்று காணாமல் போய், அந்த இடத்தில் ஒரு கறுப்புப் பெட்டி முளைத்திருக்கிறது. அதைப் பார்த்து யார் சிரிப்பார்கள்?

சாயங்காலம் திண்ணையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பழைய சேலை. பல்செட்டு டம்ளருக்குத் திரும்பியிருந்தது. நான் எதிரில் உட்கார்ந்து, கேமராவை மடியில் வைத்து, திரையைத் திறந்து மேல்பக்கமாகத் திருப்பிக்கொண்டேன். அந்தக் காலத்து ரோலைஃப்ளெக்ஸில் குனிந்து பார்ப்பார்களே, அந்த மாதிரி. என் முகம் இப்போது மறையவில்லை. அவளோடு பேசிக்கொண்டே, அவ்வப்போது குனிந்து ஒரு பார்வை. பெண் பார்க்க வந்த அன்றைக்குப் பெரியப்பா வழுக்கி வாய்க்காலில் விழுந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். சொல்லச் சொல்லச் சிரிப்பு. பொக்கை வாய் முழுக்க, கண் இடுங்க, கீரைக் காம்போடு கையை ஓங்கிக்கொண்டு... அப்படி ஒரு சிரிப்பு. நான் அமுக்கிக்கொண்டே இருந்தேன். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். 'க்ளக்' கேட்கவில்லை.

நடுவில் ஒரு தடவை கேட்டாள். "என்னத்தல மடியில வச்சு நோண்டிக்கிட்டிருக்க?"

"ஒண்ணுமில்ல பெரியம்மா, செட்டிங்ஸ் பாக்கேன்."

பொய். சின்னப் பொய்தான். ஆனால் யோசிக்காமல், சரளமாக வந்தது.

2014-ல் பெரியம்மா போய்விட்டாள். நடுவீட்டில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்று அவள் மகள், எனக்கு அக்கா முறை, கேட்டாள். நான் பெருமையாக அந்தச் சிரிப்பைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அக்கா ரொம்ப நேரம் பார்த்தாள். கண் கலங்கியது. அப்புறம் படத்தைத் திருப்பி வைத்துவிட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா அம்மா பல்செட்டு இல்லாம வாசலுக்குக்கூட வர மாட்டாளே. இத எப்பிடி நாலு பேரு பாக்க மாட்டுறது?"

"இதுதான்க்கா நிஜமான பெரியம்மா" என்றேன்.

"அதுவும் நிஜந்தான். சேலை மாத்திக்கிட்டு வந்து உக்காந்தாள்ளா, அதுவும் நிஜந்தான். அத அவளா குடுத்தா. இத நீயா எடுத்துக்கிட்ட."

எனக்குப் பதில் இல்லை. நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருக்கும் படம்தான் இன்றும் அந்த வீட்டில் இருக்கிறது.

கேமராக்காரர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. தெரியாமல் எடுத்தால்தான் உண்மை, தெரிந்து நின்றால் நடிப்பு என்று. நானும் நம்பியவன்தான். அமெரிக்கப் புகைப்படக்காரர் வாக்கர் எவன்ஸ், 1938-லிருந்து 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில் கோட்டுக்குள் கேமராவை ஒளித்து வைத்து, எதிர் சீட்டில் இருந்தவர்களை எடுத்தார். யாருக்கும் தெரியாது. அவராலும் வியூஃபைண்டரில் பார்க்க முடியாது. அந்த முகங்களைப் பார்த்தால் மனசு என்னவோ செய்யும். புத்தகமாக வந்ததென்னவோ 1966-ல்தான். அந்தப் படங்கள் எடுக்கப்பட்டிருக்கவே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்த முகத்துக்காரர்களில் ஒருவராக நான் இருந்தால்? புத்தகக் கடையில் என் அசதி முகத்தை நானே பார்க்க நேர்ந்தால்?

வியூஃபைண்டர் என் முகத்தை மறைத்தது. செய்கிற காரியத்தை மறைக்கவில்லை. கேமரா கண்ணுக்குப் போனால் எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். சேலையைச் சரி செய்யலாம், வேண்டாம் என்று கை காட்டலாம், எழுந்தும் போகலாம். லைவ் வியூ என் முகத்தைத் திறந்துவிட்டது. காரியத்தை மறைத்துவிட்டது. பெரியம்மா சிரித்தது என் முகத்தைப் பார்த்து; நான் வாங்கிக்கொண்டது கேமராவுக்கு. பாசமாகப் பேசிக்கொண்டே பையில் கை விடுகிற மாதிரி.

பெரியம்மா விறைப்பாக உட்கார்ந்ததை நான் குறையாக நினைத்தேன். இப்போது யோசித்தால், அந்த இருபது நிமிஷம்தான் அவள் எனக்குச் செய்த மரியாதை. 'என்னை இப்படி வைத்துக்கொள்' என்று அவள் தேர்ந்தெடுத்துக் கொடுத்த முகம் அது. கொடுத்ததை ஓரமாக வைத்துவிட்டு, கொடுக்காததை உண்மை என்று கொண்டாட நான் யார்?

சரி, கேமராவைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டேனா? இல்லை. அந்தத் திரைக்கு இன்னொரு திருப்பம் இருப்பதைக் கண்டுபிடித்தேன். அதை முழுசாகத் திருப்பினால், எடுக்கப்படுகிறவர் பக்கம் நிற்கும். வியூஃபைண்டரில் ஒரு கண்ணுக்குத்தான் இடம்; அது எப்போதும் எடுப்பவனின் கண். திரை அப்படியல்ல. எதிரில் இருப்பவரும் பார்க்கலாம், எடுப்பதற்கு முன்பே! நட்சத்திரக்காரர்களும் பூக்காரர்களும் சொல்லாத பிரயோஜனம் இது.

இப்போது வயசானவர்களை எடுக்கும்போது அப்படித்தான் செய்கிறேன். கேமராவை ட்ரைபாடில் வைத்து, திரையை அவர்கள் பக்கம் திருப்பிவிட்டு, பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருப்பேன். முதலில் முடியைச் சரி செய்வார்கள். பட்டன் போடுவார்கள். "ஐயோ, இம்புட்டுக் கெழவனாயிட்டேனா!" என்று சிலர் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு கிடைத்தால் எடுப்பேன். "வேணாம்யா" என்று ஒருவர் எழுந்து போனதும் உண்டு. திரும்பிப் பார்க்காமல் எடுத்திருந்தால் எத்தனையோ நல்ல படங்கள் கிடைத்திருக்கும். நஷ்டம்தான், இல்லையென்று சொல்லவில்லை.

நண்பரின் மகனிடம் இத்தனையும் சொல்லவில்லை. "திரை திரும்புற மாடலா பாத்து வாங்கு" என்று மட்டும் சொன்னேன். "செல்ஃபி எடுக்கவா அங்கிள்?" என்றான்.

பெரியம்மாவின் பொக்கை வாய்ச் சிரிப்பு இன்னும் என் ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது. யாருக்கும் காட்டுவதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை, அவள் திவசத்தன்று, தனியாகத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுகிறேன். நான் எடுத்த படங்களிலேயே நல்ல படம் அதுதான். இந்தப் பக்கத்தில் போட அது வராது. அழிக்கவும் மனசு வரவில்லை.

அழித்துவிட வேண்டுமா? நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?