யார் அடுப்பு மூட்டுவது?

சென்ற ஆண்டு என் மகள் சாரணியர் முகாமுக்குப் போனாள். இரண்டு நாள். கடைசி இரவு பெற்றோரையும் கூப்பிட்டிருந்தார்கள். மைதானத்தின் நடுவில் நாலைந்து விறகுக் கட்டைகளைக் கூம்பாகச் சாய்த்து, உள்ளே சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய பல்பு ஒன்றை எரியவிட்டிருந்தார்கள். அடியில் ஒரு சின்ன மின்விசிறி. அது சுழலச் சுழலக் காகிதக் கீற்றுகள் தழல்போல ஆடின. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கேம்ப் ஃபயர் பாட்டுகளைப் பாடினார்கள். நன்றாகத்தான் பாடினார்கள். ஒன்பது மணிக்குக் கேட்டரிங் வேன் வந்தது.

"நீங்க என்னம்மா சமைச்சீங்க?" என்று கேட்டேன்.

"சமையலா? அதெல்லாம் கிடையாதுப்பா. மார்ச் பாஸ்ட்தான். மூணு தடவை."

சீருடை கச்சிதம். கழுத்தில் ஸ்கார்ஃப், நெஞ்சில் சின்னங்கள், மூன்று விரல் வணக்கம், இடக்கைக் குலுக்கல் என்று நான் அணிந்ததும் செய்ததும் ஒன்று குறையாமல் இருந்தன. அடுப்பை மட்டும் காணோம்.

எங்கள் முகாம் 1985இல், கொள்ளிடக் கரை மாந்தோப்பு ஒன்றில் நடந்தது. நான் கழுகு அணி. சாரண ஆசிரியர் அணிக்கு அணி அரிசி, பருப்பு, உருளைக்கிழங்கு, ஓர் உருண்டை புளி என்று அளந்து கொடுத்துவிட்டு, கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து பேப்பரை விரித்துவிடுவார். "சார், அடுப்பு புகையுது" என்று போய் நின்றால், பேப்பரை இறக்காமலே "புகைஞ்சா ஊது" என்பார். முதல் நாள் சோறு பாதி வெந்து பாதி குழைந்திருந்தது. மூன்றாம் நாள் வடித்த சோற்றைச் சாருக்கு ஒரு தட்டில் கொண்டுபோனோம். அவர் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை இப்போதும் பதக்கம் வாங்கியதுபோல நினைத்துக்கொள்கிறேன்.

இதோடு நிறுத்தினால் இது வெறும் 'அந்தக் காலம்போல வருமா' கட்டுரை. நிறுத்த முடியவில்லை. எங்கள் அணியில் எட்டுப் பேர். வேலைப் பட்டியலை எழுதியவன் பதினான்கு வயது அணித்தலைவன். அதில் ஒரு பையனுக்கு மூன்று நாளும் சுள்ளி பொறுக்குவதும் கழிவுக்குழி வெட்டுவதும்தான். பானைப் பக்கமோ தண்ணீர்க் குடத்தின் பக்கமோ அவன் பெயர் வரவில்லை. யாரும் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. ஊரில் எந்தத் தெருவிலிருந்து அவன் வருகிறான் என்பது எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான். பட்டியலைப் பார்த்த சாரும் பேசவில்லை. சாரணன் எல்லோருக்கும் நண்பன், மற்ற சாரணர்களுக்குச் சகோதரன் என்ற விதியை அன்று காலைதான் வரிசையில் நின்று ஒப்பித்திருந்தோம். என் பெயர் சமையல் வரிசையில் இருந்தது. அது எப்படி அங்கே வந்தது என்று கேட்டுக்கொள்ள எனக்குப் பத்து வருடம் ஆயிற்று.

அன்று ஒருவன் பானையைத் தொடவில்லை. இன்று ஒருவருமே தொடுவதில்லை. இதைச் சீர்திருத்தம் என்று கணக்கெழுதிவிடலாமா?

சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவுக்குச் சுமார் இருபது பையன்களைக் கூட்டிக்கொண்டு போனார். பணக்காரப் பள்ளிகளின் பிள்ளைகளையும் உழைக்கும் வீட்டுப் பிள்ளைகளையும் வேண்டுமென்றே கலந்தார். நான்கு அணிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பையனே தலைவன். வர்க்கம் கெட்டித்துப்போன அந்த நாட்டில் இது சின்ன விஷயமில்லை. அரைக்கால் சட்டையும் ஊதுகொம்பும் அன்று கைக்கு எட்டிய சாமான்கள். புதுமை கலந்து உட்கார வைத்ததிலும் பையன் கையில் பொறுப்பைக் கொடுத்ததிலும் இருந்தது.

அதே ஆள் உருவாக்கியதுதான் என்றாலும், இந்தியாவுக்கு 1909இல் வந்தபோது இயக்கம் வெள்ளைக்கார, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று வந்தது. சென்னையில் அன்னி பெசன்ட்டும் அருண்டேலும் கெஞ்சிக்கொண்டு நிற்கவில்லை. இந்தியப் பிள்ளைகளுக்கெனத் தனிச் சாரணர் சங்கம் தொடங்கினார்கள். தலையில் தொப்பிக்குப் பதில் தலைப்பாகை, வாயில் இந்தியப் பாட்டு. வடக்கே மாளவியாவும் குன்ஸ்ருவும் சேவா சமிதி சாரணர் அமைப்பை எழுப்பினார்கள். 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தபிறகுதான் பெசன்ட்டின் சங்கத்துப் பிள்ளைகளுக்கு உள்ளே இடம் கிடைத்தது. இவை எல்லாம் ஒன்றாகிப் பாரத சாரணர் அமைப்பானது 1950 நவம்பர் 7இல். மறு ஆண்டு சாரணியரும் சேர்ந்தார்கள். தொப்பியைக் கழற்றி எறிந்தவர்களால்தான் இயக்கம் இங்கே வேர்பிடித்தது என்பதை எந்த முகாமிலும் எனக்கு யாரும் சொன்னதில்லை.

பெண்கள் வந்த கதையும் அப்படியே. 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த பேரணிக்கு அழைப்பில்லாமலே சில சிறுமிகள் வந்து, நாங்களும் சாரணர்தான் என்று நின்றார்கள். மறு ஆண்டு அவர்களுக்குத் தனி அமைப்பு. பிரிட்டனில் 1967இல் பெயரிலிருந்த 'பாய்' என்ற சொல்லையும் அரைக்கால் சட்டையையும் ஒன்றாகக் கைவிட்டபிறகு பழைய ஆட்கள் சிலர் கொதித்துத் தனியாகவே பிரிந்து போனார்கள். அமெரிக்காவில் 2019இல் சிறுமிகளைச் சாரணர் படையில் சேர்த்தார்கள். 2025இல் இயக்கத்தின் பெயரையே மாற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் மரபு செத்தது என்ற கூச்சல். எனக்கு அந்தக் கூச்சல்காரர்கள்மேல் கோபமில்லை. இளமையில் போட்ட சட்டையை மனிதனால் லேசில் விட முடிவதில்லை.

ஆனால் பெற்றோரின் பயம் வேறு. அதைக் கிண்டல் செய்ய நான் தயாரில்லை. அமெரிக்கச் சாரணர் அமைப்பு 2020இல் திவால் மனு கொடுத்தபோது, சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானதாக 82,000க்கும் மேற்பட்டவர்கள் முன்வந்தார்கள். 'எங்கள் சார் கடவுள் மாதிரி' என்ற பேச்சுக்குப் பின்னால் பிள்ளைகள் எத்தனை காலம் வாய்மூடி இருந்திருப்பார்கள்! முகாமில் ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனித்திருக்கக் கூடாது என்ற விதி என் காலத்தில் இல்லை. இன்று இருக்கத்தான் வேண்டும், கொஞ்சமும் தளர்த்தாமல்.

எனக்கு உறுத்துவது, பெரியவர்கள்மேலுள்ள பயத்தையும் பிள்ளைகள் காயப்பட்டுவிடுவார்கள் என்ற பயத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டோம் என்பது. பெரியவர்கள்மேல் வைக்க வேண்டிய கண்காணிப்பைப் பிள்ளைகள்மேல் வைத்துவிட்டோம். கத்தி வேண்டாம், நெருப்பு வேண்டாம், இரவு நடை வேண்டாம். மிஞ்சியது அணிவகுப்பும் சான்றிதழும். ரயில்வே வேலையில் சாரணர் ஒதுக்கீடு இருக்கிறது, ஆகவே ராஷ்டிரபதி விருது வாங்கிவிடு என்று சொல்கிற வீடுகள் எனக்குத் தெரியும். தப்பில்லை, வேலை வேண்டியதுதான். அதற்கு மாந்தோப்பு எதற்கு, ஒரு கோச்சிங் சென்டர் போதுமே.

சாரணர் என்ற சொல்லைச் சிலப்பதிகாரத்தில் பார்க்கலாம். மதுரைக்கு நடந்துபோகிற வழியில், காவிரிக் கரையில், கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு கண்டு வணங்கும் சமண முனிவர் அவர். ஓரிடத்தில் தங்காமல் திரிபவர். அதோடு 'இயக்கம்' என்று வேறு சேர்த்து வைத்திருக்கிறோம். இரண்டு சொல்லும் நடமாட்டத்தைச் சொல்லுகின்றன. நாமோ பிள்ளைகளைப் பல்பைச் சுற்றி உட்காரவைத்திருக்கிறோம்.

மாற்ற வேண்டியது எங்கள் கழுகு அணியின் பட்டியல். அதை ஆசிரியர் கையில் எடுத்து, சீட்டுக் குலுக்கி, இன்று நீ அடுப்பு, நீ தண்ணீர், நீ பானை தேய்ப்பு என்று ஆக்கியிருந்தால், அந்தப் பையன் வடித்த சோற்றை நாங்கள் எல்லோரும் சாப்பிட்டிருப்போம். சிலர் வீட்டில் அதற்குச் சண்டை வந்திருக்கும். வரட்டுமே. ஒப்பித்த விதிக்கு அப்போதுதான் வேலை வந்திருக்கும். ஒரு கேட்டரிங் வேனால் அது முடியாது.

இந்த ஆண்டு முகாமுக்கான சம்மதப் படிவம் வந்தது. 'உணவு: பள்ளி ஏற்பாடு' என்று அச்சாகியிருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு, அடியில் பேனாவால் எழுதினேன்: 'ஒரு வேளையாவது பிள்ளைகளே சமைக்கட்டும். யார் என்ன வேலை என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்யுங்கள். என் மகள் கையைச் சுட்டுக்கொண்டால் புகார் சொல்ல மாட்டேன்.'

சாரணிய ஆசிரியை இரண்டு நாள் கழித்துப் போன் செய்தார். சிரித்தார். "சார், இதே மாதிரி இன்னும் பத்துப் பேர் எழுதிக் கொடுத்தாங்கன்னா ஹெச்.எம். கிட்ட பேசிப் பார்க்கிறேன்."

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறேன். இதுவரை என்னையும் சேர்த்து மூன்று பேர்.