கண்டுணராமை

(ஜித்தா, ஷரஃபியா. இஷா முடிந்த நேரம். கார்கோ கடையின் பின்னறை.)

சீடன்: ஐயா, உணர்தலுக்கு எதிர்ச்சொல் உணராமை. அதோடு முடிந்ததா?

குரு: அந்த ஒன்று போதுமென்றால் சாத்தனார் எட்டு வைத்திருக்க மாட்டார், தம்பி. அவருடைய மணிமேகலையின் 27ஆம் காதையில் வஞ்சி நகரத்து அளவைவாதி, அறியும் வழிகளான பத்து அளவைகளைச் சொன்ன கையோடு, அறிவு போலத் தோன்றி அறிவாகாத எட்டையும் சொல்கிறான். சுட்டுணர்வு, திரியக்கோடல், ஐயம், தேராது தெளிதல், கண்டுணராமை, இல்வழக்கு, உணர்ந்ததை உணர்தல், நினைப்பு.

சீடன்: எல்லாமே அறியாமைதானே?

குரு: தூரத்தில் நிற்பது கட்டுத்தறியா ஆளா என்று தயங்குகிறவனுக்கு ஐயம். விசாரிக்காமலே ஆள்தான் என்று முடிவு கட்டுகிறவன் தேராது தெளிகிறான். முன்னவனைக் கிட்டப் போய்ப் பார்க்கச் சொல்லலாம். பின்னவன் போகவே மாட்டான். இரண்டும் எப்படி ஒன்றாகும்? என்னை அதிகம் உறுத்துவது ஐந்தாவது. புலி பக்கத்தில் நிற்கிறது, கண்ணிலும் பட்டுவிட்டது, ஆனாலும் உறைக்கவில்லை.

சீடன்: அப்படியும் நடக்குமா?

குரு: இதே ஊரில் நடந்தது. 2009 நவம்பர் 25. சில மணி நேர மழையில் 100 பேருக்கு மேல் போய்விட்டார்கள். கிழக்கு மலைகளிலிருந்து வாதிகள் இறங்கும் பாதையில், குவைஸா போன்ற பகுதிகளில்தான் பெருஞ்சேதம். வாதி என்றால் மழை பெய்தால் ஓடும் வறண்ட ஆறு என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். தெரிந்தேதான் அதன் வழியில் வீடுகள் எழும்பின.

சீடன்: காய்ந்து கிடந்ததால் தரை என்று நினைத்திருப்பார்கள். அது தேராது தெளிதல் ஆகாதா?

குரு: வாடகை குறைவென்று குடியேறியவனுக்கு ஆகலாம். அங்கே கட்ட விட்டவர்களுக்கு ஆகாது. பின்னால் அதிகாரிகள்மேல் வழக்கும் நடந்தது. அந்த வெள்ள நாளில், பாகிஸ்தானின் ஸ்வாத்திலிருந்து பிழைக்க வந்திருந்த ஃபர்மான் அலி கான், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு வெள்ளத்தில் இறங்கி 14 பேரைக் கரை சேர்த்தார். கடைசியில் வெள்ளம் அவரையே கொண்டுபோனது. அவருக்கு உறைக்க நேரம் ஆகவில்லை.

சீடன்: எனக்கு அரபி தெரியாது. ஒப்பந்தத்தை யாரோ படித்துச் சொல்ல, கையெழுத்துப் போடுகிறேன். இவர்கள்தான் உன் தாய் தந்தை என்று பிறர் சொல்லக் கேட்டு நம்புவதையே அளவைவாதி நினைப்பு என்று தள்ளுகிறானே, நாங்கள் இங்கே அறிந்ததெல்லாம் தள்ளுபடியா?

குரு: சரியான இடத்தில் பிடித்தாய். அறிந்தவன் வாக்கை ஆகமம் என்று பத்து அளவையில் சேர்த்திருப்பவனும் அவனேதான். கேட்டு அறிவது குற்றமில்லை; யாரிடம் கேட்டாய் என்று பார்க்க வேண்டும். சவூதி தொழிலாளர் சட்டப்படி ஒப்பந்தத்தில் அரபி வாசகமே செல்லும், பக்கத்தில் ஆங்கிலம் வேறு சொன்னாலும். உனக்குப் படித்துச் சொன்னவருக்கு உன் கையெழுத்தால் லாபம் உண்டா?

சீடன்: விசா எடுத்துக் கொடுத்த ஏஜெண்டுதான் படித்தார்.

குரு: அப்படியானால் அது நினைப்பு. லாபமில்லாத இன்னொருவரிடமும் காட்டு.

சீடன்: இருவருமே தவறலாமே?

குரு: தவறலாம். அப்போது உனக்கு மிஞ்சுவது ஐயம். அளவைவாதி அதைக் குற்றத்தில் சேர்த்தாலும் நான் சேர்க்க மாட்டேன்; அந்த எட்டில் உன்னைக் கிட்டப் போய்ப் பார்க்க வைப்பது அது ஒன்றுதான். அந்தத் தாளை எடு. சம்பளம் எழுதிய வரியிலிருந்து தொடங்குவோம்.