வரியும் உபயமும்

பிரான்சின் வரவு செலவுத் திட்டம் ஒக்டோபர் முதற் செவ்வாய்க்குள் நாடாளுமன்றத்துக்கு வர வேண்டும். 70 நாட்களில் முடிவு தெரிய வேண்டும். 2024இல் அது குழம்பியது. டிசெம்பர் 4 அன்று பிரதமர் மிஷேல் பார்னியேயின் அரசு கவிழ, 2025க்கான திட்டம் பெப்ரவரியில்தான் சட்டமானது. இடைக்காலத்தில் வரி அறவிடவே தனிச்சட்டம் வேண்டியிருந்தது. இத்தனை கெடுபிடிக்கும் மூலம் 1789 மனித உரிமைப் பிரகடனத்தின் 14ஆம் பிரிவு: வரி தேவைதானா என அறியவும், அதற்கு இசையவும், அது போகும் வழியைப் பார்க்கவும் குடிமக்களுக்கு உரிமை உண்டு. அப்படியானால் பாரிஸின் லாச்சப்பலில் கடை நடத்தி வரி கட்டும் தமிழர் கேட்கலாம்: அந்தப் பணத்தில் அங்குள்ள மாணிக்க விநாயகர் கோயிலுக்கு ஏன் ஒரு சதமும் இல்லை? அரசையும் மதத்தையும் பிரித்த 1905ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு எந்த மதத்துக்கும் சம்பளமோ மானியமோ தராது என்பது பதில். அது நியாயமும்கூட என்பேன். திருவிழா உபயம் கொடுப்பவர் விரும்பிக் கொடுக்கிறார். விரும்பாதவர் வீட்டுக்கு யாரும் கடிதம் அனுப்புவதில்லை. வரி அப்படியல்ல. கட்டாயப்படுத்தி வாங்கிய காசில் ஏற்றும் விளக்கு யாருடைய பக்தி? தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் ஊர் ஊராக நிலவருவாயை எழுதிவைத்தான். புண்ணியம் அவன் பெயரில், நெல் உழவனுடையது.

தேர் நாளில் பொலிஸ் நிற்கிறதே, சிதறுதேங்காய் ஓடுகளை நகரசபை அள்ளுகிறதே, அது மானியம் இல்லையா என்பார்கள். ஊர்வலம் எதுவானாலும் தெருவைக் காப்பதும் கூட்டுவதும் நகரத்தின் வேலை. தேவாலயங்கள் பற்றிய மறுப்புத்தான் கனமானது. லாச்சப்பலின் பழைய சென் தெனி தேவாலயம் போல 1905க்கு முந்தியவை பெரும்பாலும் நகரத்தின் சொத்து. கூரை ஒழுகினால் பொதுப்பணம் போகும். சட்டம் கேட்ட வழிபாட்டுச் சங்கங்களை அமைக்கக் கத்தோலிக்கத் திருச்சபை மறுத்ததால் வந்த நிலை இது. முந்தி வந்தவருக்கு இதில் வசதி அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கூரை நகரத்தின் கட்டடத்துக்கு, பாதிரியாருக்கு அல்ல.

அல்சாஸ், மொசெல் பகுதிகளுக்கு அந்தச் சாக்கும் இல்லை. 1905இல் அவை ஜெர்மனியிடம் இருந்தன. திரும்பி வந்த பிறகும் பழைய ஏற்பாடு தொடர்ந்தது. அங்கே பாதிரியார்களும் போதகர்களும் யூத குருமாரும் இன்றும் அரசுச் சம்பளம் பெறுகிறார்கள். அரசியலமைப்பு மன்றம் 2013இல் அதை ஏற்றுக்கொண்டது. எனக்கு ஏற்க முடியவில்லை. பிள்ளையாரையும் அந்தப் பட்டியலில் சேர்த்தால் தவறு இரட்டிப்பாகும், அவ்வளவே. அடுத்த ஒக்டோபரில் திட்டம் வரும்போது, அல்சாஸின் ஸ்ட்ராஸ்பூர் மதகுருமாரின் சம்பளம் இன்னும் ஏன் நம் எல்லோருடைய கணக்கில் இருக்கிறது என்று உங்கள் தொகுதி உறுப்பினரைக் கேளுங்கள்.