வானின் நீதியும் வரலாற்று ஏடும்

நல்லோர் துன்புறுவதும் தீயோர் செழிப்பதும் ஏன் என்ற வினாவைப் பல சமயங்கள் மறுமையிடமோ மறுபிறவியிடமோ ஒப்படைத்திருக்க, பௌத்தம் வந்து சேர்வதற்கு முந்தைய சீனத்தில் அந்தச் சுமையின் பெரும்பகுதி வரலாற்றாசிரியரின் தோளில் விழுந்தது. ‘தியென்’ எனப்பட்ட வானம் அங்கே அறத்தைக் காக்கும் பேராற்றலாகக் கருதப்பட்டது. கொடுங்கோலனிடமிருந்து ஆட்சியுரிமையைப் பறித்து அது அறவோனுக்கு அளிக்கும் என்ற கொள்கைக்கு ‘வானின் ஆணை’ என்று பெயர். கி.மு. 11ஆம் நூற்றாண்டில் சாங் மரபை வீழ்த்திய சவு மரபினர் தம் வெற்றியை இக்கொள்கையைக் கொண்டே நியாயப்படுத்தினர். அரச மரபுகளின் எழுச்சிக்கும் வீழ்ச்சிக்கும் இவ்விளக்கம் போதுமானதாக இருந்தாலும், தனிமனிதரின் அறத்துக்கும் அவர் அடையும் முடிவுக்கும் இடையிலுள்ள பிளவை அது தொடவில்லை.

அந்தப் பிளவை மறைக்காமல் எழுதியவர், ஹான் பேரரசர் வூவின் அவையில் காலக்கணிப்புக்கும் ஆவணங்களுக்கும் பொறுப்பேற்றிருந்த சிமா சியான். கி.மு. 110இல் இறக்கும் தறுவாயில் தந்தை சிமா தான் ஒப்படைத்துச் சென்ற பணியே, 130 இயல்கள் கொண்ட ‘ஷிஜி’ என்னும் பெருநூலாயிற்று. கி.மு. 99இல் சியோங்னு நாடோடிகளிடம் சரணடைந்த தளபதி லி லிங்குக்காகப் பரிந்து பேசியதால் அவர் ஆண்மைநீக்கத் தண்டனைக்கு ஆளானார். அத்தகைய இழிவுக்கு உட்படுவதைவிட உயிரை மாய்த்துக்கொள்வதே கண்ணியம் என்று கருதப்பட்ட காலத்தில், நூல் முடியாமல் நின்றுவிடக் கூடாது என்பதற்காகவே உயிர் தாங்கியதாக நண்பர் ரென் ஆனுக்கு எழுதிய கடிதத்தில் விளக்கினார்.

ஷிஜியின் 70 வாழ்க்கை வரலாற்று இயல்களில் முதலாவது, போயி, ஷுசி என்ற உடன்பிறந்தாரைப் பற்றியது. தந்தை இளையவனையே வாரிசாக்க விரும்பியிருக்க, அவர் இறந்தபின் தம்பி அண்ணனுக்கு விட்டுக்கொடுத்தான். அண்ணனோ தந்தையின் விருப்பத்தை மீற மறுத்தான். முடிவில் இருவருமே அரியணையைத் துறந்து வெளியேறினர். சவு மன்னர் வூ சாங் மன்னன்மீது படையெடுத்தபோது குதிரையின் கடிவாளத்தைப் பற்றி நிறுத்தி, தந்தையை அடக்கம் செய்யுமுன் போர் தொடுப்பது மகனுக்கு அறமா, தன் அரசனைக் கொல்வது குடிக்குத் தகுமா என்று கேட்டனர். சவு வென்றபின் அதன் தானியத்தை உண்ண மறுத்து, ஷௌயாங் மலையில் காட்டுக்கீரை தின்று, பட்டினியால் மாண்டனர். வானின் ஆணைக்குச் சான்றாகக் காட்டப்பட்ட அதே வெற்றியை எதிர்த்து இறந்தவர்களைச் சிமா சியான் தம் வரிசையின் தலையில் வைத்தது தற்செயலாக இருக்க முடியாது. அவர்கள் மனக்கசப்பின்றி இறந்தனர் என்ற கன்பூசியஸின் கருத்தையும் அவர் ஐயுறுகிறார். கன்பூசியஸின் மாணவர்களுள் தலைசிறந்தவரான யென் ஹூய் வறுமையில் உழன்று இளமையிலேயே இறந்ததையும், குற்றமற்றோரைக் கொன்று குவித்த ஜீ என்ற கொள்ளைக்காரன் முதுமைவரை வாழ்ந்ததையும் எதிரெதிரே நிறுத்தி, வானின் வழி என்று சொல்லப்படுவது சரியா தவறா என்பதே தமக்கு விளங்கவில்லை என்கிறார்.

வானம் தரத் தவறியதை ஏடு தரும், அதாவது புகழே அறத்தின் ஊதியம் என்பதுதான் இந்த இயலின் விடை என்று கொள்வது எளிது. ஆனால் அதன் இறுதிப் பகுதி அந்த ஆறுதலையும் நிலைக்க விடுவதில்லை. உடன்பிறந்தாரின் பெயர் நிலைத்தது கன்பூசியஸ் புகழ்ந்ததால்தான் என்றும், மலைக்குகைகளில் ஒதுங்கி வாழ்ந்த சான்றோர் பலரின் பெயர் எடுத்துச் சொல்வாரின்றி அழிந்தது என்றும் அவர் வருந்துகிறார். ஏட்டின் நீதியும் வாய்ப்பைப் பொறுத்ததே என்று ஏட்டை எழுதுபவரே ஒப்புக்கொள்ளும் இந்த நேர்மைக்கு இணையானது உலக வரலாற்று நூல்களில் அரிது.

‘ஹான் நூலை’ எழுதிய பான் கு, சிமா சியானின் தீர்ப்புகள் சான்றோர் நெறியிலிருந்து விலகியவை என்று குறைகூறினார். ஆனால் அந்நெறியை அளவுகோலாகக் கொண்ட அவரும் கி.பி. 92இல் சிறையில்தான் இறந்தார். பின்னர், லூ மலையில் வாழ்ந்த பௌத்தத் துறவி ஹுயியுவான் (334–416), வினைப்பயன் இப்பிறவியிலோ அடுத்த பிறவியிலோ பல பிறவிகள் கடந்தோ வந்தே தீரும் என்று வகுத்துக் காட்டினார். தர்க்கத்தில் இது முழுமையான விடைதான். ஆயினும் கண்முன் நிற்கும் அநீதியை அது காணமுடியாத ஒரு கணக்குக்கு மாற்றிவிடுகிறது. இறந்தபின் உயிர் எஞ்சுவதில்லை என்று கருதிய ஃபான் யே (398–445) வேறு வழியில் சென்றார். தமது ‘பிற்கால ஹான் நூலில்’ உலகிலிருந்து ஒதுங்கி வாழ்ந்தோருக்கும் பெண்களுக்கும் அவர் தனித்தனி இயல்கள் அமைத்ததைச் சிமா சியானின் வருத்தத்துக்கு அளித்த மறுமொழியாகவே கொள்ளலாம். பான் கு முடிக்காமல் விட்ட நூலை நிறைவுசெய்த அவருடைய தங்கை பான் ஜாவின் வரலாறு அந்தப் பெண்கள் இயலில்தான் இடம்பெற்றுள்ளது.