பேசாத நாவும் பேசிய இழுப்பறையும்

நாவைக் காத்தல் பற்றி நம் பெரியோர் பலவாறு அறிவுறுத்தியுள்ளனர். கடுஞ்சொல் கூறாதிருத்தல் நம் இல்லங்களில் ஒரு நோன்பாகவே போற்றப்படுகிறது. ஆயினும் ஓர் ஐயம் எழுகிறது. நாவை அடக்கிவிட்டு, அடங்காத சினத்தைக் கதவின் மீதோ பாத்திரத்தின் மீதோ இறக்கிவைப்பவர் உண்மையில் அடக்கமுடையவர் ஆவாரா? இவ்வினா நமக்கு நூலிலிருந்து எழவில்லை. நம் பழைய மேசையிலிருந்து எழுந்தது.

ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு நாள், பேரனின் படிப்புப் பற்றி மருமகளுக்கும் நமக்கும் சிறு கருத்து வேறுபாடு தோன்றியது. எதிர்ச்சொல் ஒன்றும் கூறாமல் நம் அறைக்குத் திரும்பினோம். பொறுமை காத்தோம் என்று உள்ளூரப் பெருமிதமும் கொண்டோம். மூக்குக்கண்ணாடியை எடுக்க மேசையின் இழுப்பறையை இழுத்தபோது அது முரண்டு பிடித்தது. உலுக்கி இழுத்து, கண்ணாடியை எடுத்தபின் ஓங்கித் தள்ளிச் சாத்தினோம். சற்று நேரத்தில் பேரன் வந்து, "பாட்டி, அம்மா அழுகிறாள்" என்றான். "நான் ஒன்றும் சொல்லவில்லையே கண்ணு" என்றோம். அவன் மறுமொழி கூறவில்லை; மேசையைப் பார்த்தான்.

மறுநாள் அவ்விழுப்பறையைச் செப்பனிடத் தொடங்கினோம். மரம் மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை உறிஞ்சி அகலவாட்டில் உப்புகிறது. நீளவாட்டில் அத்துணை மாறுவதில்லை. எனவே பக்கங்கள் இறுகி, மரத்தோடு மரம் உராய்கிறது. ஒரு கணம் பற்றிக்கொண்டு மறுகணம் நழுவுவதால்தான் அந்தக் கிறீச்சொலி பிறக்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் பிடித்து இழுத்தாலோ இழுப்பறை கோணலாகித் திணறும்.

பொருள்களை அகற்றி, இழுப்பறையை முழுவதும் வெளியே எடுத்துத் தூசி துடைத்தோம். உராய்ந்த இடங்கள் தாமே பளபளத்துத் தம்மைக் காட்டிக்கொடுத்தன. அவ்விடங்களை உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்தோம். மழைக்காலத்தில் இழைப்புளி கொண்டு மிகுதியாகச் சீவிவிட்டால் கோடையில் மரம் சுருங்கி இழுப்பறை தளர்ந்து ஆடும் என்று தச்சர் எச்சரித்தார். பூசுவதற்குத் தேன்மெழுகு நல்லது என்றும் கூறினார். தேனீக்களின் கூட்டை அழித்துப் பெறும் பொருள் நமக்கு ஆகாது என்பதால், பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் பாரஃபின் மெழுகாலான மெழுகுவத்தித் துண்டு ஒன்றைத் தேய்த்தோம். எண்ணெய் இடவில்லை, அது மரத்தில் ஊறித் தூசியைச் சேர்க்கும். சாத்தும்போது பின்புறம் மோதும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய இரு துண்டுகளை ஒட்டினோம். ஓசை நின்றது.

இழுப்பறையைத் துப்புரவு செய்தபோது அதன் பின்மூலையில் ஒரு பல்லிக் குஞ்சு நசுங்கிக் காய்ந்து கிடக்கக் கண்டோம். எந்நாளில், எந்த வேகத்தில் அது மடிந்ததோ! முனிவர்க்கு வகுக்கப்பட்ட ஐந்து சமிதிகளுள் ஆதான நிக்ஷேபண சமிதி என்பது, பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் உயிர்களுக்கு ஊறு நேராவண்ணம் பார்த்துச் செயற்படுதலாகும். மூன்று குப்திகளுள் வசனகுப்தி சொல்லைக் காப்பது. காயகுப்தி உடலின் செயலைக் காப்பது. இரண்டையும் பெரியோர் தனித்தனியே வைத்தமைக்குக் காரணம் அன்று நமக்கு விளங்கிற்று. நாம் முன்னதைப் பெயரளவில் காத்துப் பின்னதைக் கைவிட்டிருந்தோம். இல்லறத்தார்க்கு முனிவரின் நிறைநிலை கைகூடாது எனினும், அந்நெறியின் நிழலேனும் நம் கைகளில் படியவேண்டும்.

சினத்தை உள்ளே பூட்டிவைப்பதைவிட ஓசையாக வெளியே விட்டுவிடுதல் நன்றன்றோ என்று சிலர் கேட்கலாம். பூட்டிவைத்தல் நன்றன்று என்பது உண்மையே. ஆனால் சொல்லுக்கு மறுமொழி கூற இயலும். ஓசைக்கு யார் மறுமொழி கூற இயலும்? நம் குறை இன்னதென்று மருமகளுக்குச் சொல்லியிருந்தால் அவள் தன் பக்கத்தை விளக்கியிருப்பாள். இழுப்பறையின் அதிர்ச்சியோ அவளைக் குற்றஞ்சாட்டியது. குற்றம் இன்னதென்று கூறவில்லை. அதனால் அது கடுஞ்சொல்லினும் கொடிதாயிற்று.

மேலும் ஒன்றை மறையாது கூறவேண்டும். இழுப்பறை ஓசையின்றி ஓடியதும் நம் கடமை முடிந்ததாகவே எண்ணினோம். மூன்று நாட்கள் அவ்வாறே கழிந்தன. மரத்தைச் சீர்செய்தல் எளிதாயிருந்தது. மருமகளிடம் சென்று "நான் செய்தது தவறு அம்மா, பொறுத்துக்கொள்" எனக் கூறுதல் அரிதாயிருந்தது. நான்காம் நாள் கூறினோம். அதன்பின் பேரனின் படிப்புப் பற்றி இருவரும் அமர்ந்து பேசினோம். எல்லாவற்றிலும் உடன்பட்டோம் என்பதற்கில்லை.

செய்தி அறிந்த நம் மகன், "சாஃப்ட் குளோஸ் சேனல்" பொருத்திய புதிய மேசை வாங்கித் தருவதாகக் கூறினான். எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும், கடைசிச் சில அங்குலங்களில் அதிலுள்ள ஒரு சிறு அமைப்பு வேகத்தைத் தணித்து மெல்லச் சாத்திவிடுமாம். நோயாளிகள் உறங்கும் வீட்டிற்கும் நடுங்கும் முதிய கைகளுக்கும் அது நல்ல துணையே. ஆயினும் சினந்து தள்ளினாலும் மெல்லச் சாத்திக்கொள்ளும் இழுப்பறையால் அடங்குவது ஓசை மட்டுமே. தள்ளிய கை அடங்குவதில்லை. நமக்கு இப்பழைய மேசையே போதும் என்றோம்.

மெழுகு நாளடைவில் தேய்கிறது. மீண்டும் கிறீச்சொலி கேட்கத் தொடங்கியதும் மெழுகுவத்தித் துண்டை எடுத்துக்கொள்கிறோம். தேய்க்கும்போது, இவ்வில்லத்தில் யாரிடமேனும் சொல்லாமல் வைத்திருக்கும் குறை உண்டோ என நம்மை நாமே வினவிக்கொள்கிறோம். உண்டெனில், மெழுகை வைத்துவிட்டு முதலில் அவரிடம் செல்கிறோம்.