தன் கையால் திருத்துதல்: உடைமை பற்றிய ஓர் அறவியல் நோக்கு

ஒரு பொருளுக்கு விலை கொடுத்ததும் அது நம்முடையதாகிவிடுகின்றதா? சட்டம் ‘ஆம்’ என்னும். அறவியலின் விடை அத்துணை எளிதன்று. மலையகத்து லயன் முற்றங்களில் ஞாயிறு காலைகளில் காணக்கூடிய காட்சியொன்று இவ்வினாவை நம்முன் நிறுத்துகின்றது. இளைஞனொருவன் சாக்கை விரித்து, மோட்டார் சைக்கிளை நடுத்தாங்கியில் நிறுத்தி, பழைய ஒயிலை வடித்துப் புதியதை ஊற்றுகின்றான்; பிளக்கைக் கழற்றிக் கரியைத் துடைக்கின்றான்; செயினின் தளர்வை விரலால் அழுத்திப் பார்த்து இறுக்குகின்றான்.

இதனைச் சிக்கனம் என்று மட்டும் கொள்வாருளர். சிக்கனம் இதில் உண்டு என்பது உண்மையே. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இன் பொருளாதார நெருக்கடியிலோ மோட்டார் சைக்கிளொன்றுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் எனப் பங்கீடு வந்தது. அக்காலத்தில் பழைய வண்டியைப் பேணிக்கொள்வதன்றி வேறு வழி பலருக்கு இருக்கவில்லை. ஆயினும் இச்செயலின் பொருள் பணத்தோடு முடிந்துவிடுவதன்று.

மலையக மக்களின் வாழ்விடம் பற்றிச் சிறிது சிந்தித்தல் வேண்டும். லயன் அறை அதில் வாழ்பவருக்கு உரியதன்று. அது தோட்டத்துக்கு உரியது. கூரைத் தகரம் ஒழுகினாலும், பிள்ளைகள் வளர்ந்து அறை போதாமற்போனாலும், அதனை மாற்றவோ நீட்டவோ நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003இலேயே வந்தது. ஆனால் குடியுரிமை வந்த பின்னரும் கூரை அவர்களுடையதாகவில்லை. ‘லயத்து மக்கள் வீட்டைப் பேணத் தெரியாதவர்’ எனப் பழிப்போர், ஒரு பொருளைத் திருத்தும் உரிமையை மறுத்துவிட்டு அதனைப் பேணும் பொறுப்பை மட்டும் எதிர்பார்த்தல் முறையாகுமா என்பதை எண்ணுவதில்லை.

இப்பின்னணியிலேயே அவ்விளைஞனின் வண்டியை நோக்க வேண்டும். அவன் பாட்டனாரின் காலத்தில் தோட்டத்து மோட்டார் சைக்கிள் என்றால் அது சின்னத்துரையின் வண்டி. அதன் ஓசை கேட்டால் மலையில் நின்றோர் கைகள் விரைந்தன. இன்று அத்தகைய வண்டியொன்றின் உள்ளுறுப்புகளைப் பேரன் யாரிடமும் அனுமதி கேளாமல் கழற்றுகின்றான். பிறர் அனுமதியின்றித் திருத்தக்கூடிய முதற் பெரும் பொருள் அக்குடும்பத்துக்கு அதுவாகவும் இருத்தல் கூடும்.

இதற்கு மறுப்பும் உண்டு. ஒருவருக்கு ஒரு தொழில் என்பதே நீதியான சமுதாயத்தின் அடிப்படை எனப் பிளேட்டோ கருதினார். அவ்வாறாயின் திருத்துநரின் வேலையை நாம் ஏன் மேற்கொள்ள வேண்டும்? நகரத்துக் கராஜில் உழைப்பவனும் பெரும்பாலும் தோட்டத்துப் பிள்ளைதானே? இம்மறுப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும், தொழிற்பகுப்பு அறியாமைக்கு நியாயமாகிவிடாது. அமெரிக்க எழுத்தாளர் றொபேட் பிர்சிக் மோட்டார் சைக்கிள் பராமரிப்பைப் பொருளாகக் கொண்டு 1974இல் வெளியிட்ட மெய்யியல் நூலில், தளர்ந்த கைப்பிடியை இறுக்க பியர் தகரத்தின் சிறு துண்டொன்று போதும் என்கிறார். விலையுயர்ந்த வண்டியையுடைய நண்பரோ அதனை அவமதிப்பெனக் கருதி மறுக்கின்றார். அந்நண்பருக்கு வண்டி உண்டு, வண்டியோடு உறவில்லை. கழற்றிப் பார்ப்பவனுக்கே உறவு வாய்க்கின்றது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்று அடர்த்தி குறைந்தது. ஆகவே தாழ்நிலத்துக்கேற்ப அமைத்த காபரேற்றரில் பெற்றோலின் விகிதம் மிகுந்து பிளக்கில் கரி படியும். அக்கரியைத் தன் விரலால் துடைத்தவன் தன் வண்டியோடு தன் மலையையும் அறிந்துகொள்கின்றான்.

ஆயினும் உரிமைக்கு எல்லையுண்டு. இறம்பொடை இறக்கத்தில் வண்டியைத் தாங்குவன தாழ்ந்த கியரில் எஞ்சின் தரும் தடையும் பிறேக்குமே. பெற்றோலை மீதப்படுத்த எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டுவோர் முதலாவதை இழக்கின்றனர். பாரம் முழுவதையும் தாங்கும் பிறேக் சூடேறிப் பிடிமானம் குன்றுகின்றது. அரைகுறை அறிவோடு பூட்டிய பிறேக் அவ்வேளை என்னாகும்? தன் உயிரைப் பணயம் வைக்கத் தனக்கு உரிமையுண்டு என வாதிப்போரும், பின்னிருக்கையில் அமர்ந்த தங்கையின் உயிரை அவ்வாறு வைக்கவியலாது. தெரியாததைத் தெரியாதென்று ஒப்பி, வல்லான் ஒருவன் அருகிருந்து காட்டக் கற்பதும், கற்கும்வரை அவனிடமே ஒப்படைப்பதும் கையறிவின் பகுதியேயாகும். கராஜ்காரனின் தொழிலுக்கும் இதனால் மதிப்புக் கூடுமேயன்றிக் குறையாது.

இரண்டாவது எல்லை கண்ணுக்கு எளிதிற் புலப்படாதது. வடித்த ஒயிலை முற்றத்துக் கானில் ஊற்றிவிடுதல் எளிது. ஆனால் ஹட்டன், மஸ்கெலியாப் பகுதிகளிற் பல இடங்களின் நீர் கெஹெல்கமு ஓயாவிலும் மஸ்கெலி ஓயாவிலும் சேர்கின்றது. அவ்விரண்டும் கூடியே களனி கங்கையாகின்றன. அக்கங்கையின் நீரையே அம்பத்தலையில் எடுத்துச் சுத்திகரித்துக் கொழும்பு பருகுகின்றது. அதற்கு முன்னரே, கீழ்ப் பிரிவு லயத்தின் பீலியில் குடம் ஏந்தி நிற்பவள் அதே நீரை அள்ளுகின்றாள். பழைய கலனொன்றில் அவ்வொயிலைச் சேர்த்து, கழிவொயில் சேகரிக்கும் கராஜிற் கொடுத்தல் பெரிய உழைப்பன்று. பொருள் என்னுடையதெனின் அதன் கழிவும் என்னுடையதே.

தொடக்கத்து வினாவுக்கு இப்போது விடை கூறலாம். விலை உடைமையின் தொடக்கம். அறிதலும் பேணலும் அதன் விளைவுகளுக்குப் பொறுப்பேற்றலும் சேர்ந்தபோதே அது நிறைவெய்தும். குடும்பமொன்றுக்கு 7 பேர்ச் காணியில் தனிவீடு என்னும் திட்டங்கள் தொடங்கப்பட்டுள்ளன. எனினும் இன்னும் பலர் லயன்களிலேயே வாழ்கின்றனர். பேணும் ஆற்றல் இவர்களுக்கு உண்டோ என ஐயுறுவோர் ஒரு ஞாயிறு காலை அம்முற்றத்துக்குச் செல்வாராக. சாக்கின்மீது ஒழுங்காக அடுக்கப்பட்ட ஆணிகளும், ஒரு துளியும் சிந்தாமல் மூடிவைக்கப்பட்ட ஒயிற்கலனும் விடை கூறும். அதே கைகள் தலைக்கு மேலுள்ள தகரத்தையும் திருத்த உரிமை பெறும் நாளே நாம் வேண்டுவது.